சூளைக்குள் இருந்த சரக்கு

எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண் ஒருத்தி ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். போன மாதம் என்னிடம் கேட்டாள். "நாங்க வவுச்சரை ஏத்தினா போதும், ஐந்தொகை, அதான் பேலன்ஸ் ஷீட் வரைக்கும் கம்ப்யூட்டரே போட்டுடுது. நீங்கல்லாம் கையால எழுதி, கூட்டல் தப்பாப் போயி எத்தினி நாள் கஷ்டப்பட்டிருப்பீங்க?"

கஷ்டப்பட்டதுண்டு. முப்பது காசு வித்தியாசத்தைத் தேடி நான்கு நாள் பேரேட்டைப் புரட்டியிருக்கிறேன். ஆனால் இத்தனை வருட வேலையில் நான் பயந்துபோனது ஒரே ஒரு கணக்குக்குத்தான். அதில் கூட்டல் தப்பே கிடையாது. பற்றும் வரவும் காசு பிசகாமல் ஒத்துப்போயின. ஆடிட்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் அது தப்புக் கணக்கு என்று தெரிந்தது. அவளுக்கு நின்றபடி பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அறுபத்தெட்டில் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங், புக் கீப்பிங் லோயர், இவ்வளவுதான் என் படிப்பு. மின்கம்பத்துக்குப் போகும் இன்சுலேட்டர், வீட்டு ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கே செய்தார்கள். வேலையாட்கள் அறுபது பேருக்கு உள்ளே. பாதிப்பேர் பெண்கள். ஆபீஸ் என்பது ஒரே நீள அறை. என் நாற்காலிக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே சூளை.

முதலாளி சிவசண்முகம் திட்டக்குடிப் பக்கம் மங்களூர்க்காரர். நிலத்தில் பாதியை விற்றுத் தொழிலில் போட்டவர். கெட்டவர் இல்லை. கடன்காரர் முகத்தில் எப்போதும் இருக்கும் ஒரு அவசரம் அவர் முகத்தில் இருக்கும்.

கணக்குக்குத் தலைமை தாவூத் சார். கடைவீதியில் அவருடைய அண்ணன் தம்பிகள் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் கடைக்குப் போகாமல் கணக்கு வேலைக்கு வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வருவார். சட்டைக் கையை இரண்டே மடிப்பு மடிப்பார். முந்தின நாள் வவுச்சர்களை நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் ரொக்கப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். தேதி, யாருக்கு, எதற்காக, எவ்வளவு, யார் கையெழுத்து என்று இந்த ஐந்தும் வரிசை மாறாமல் வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். பேனா மூடியைத் திருகி மூடுவார். நான் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் தப்பாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்டி மேலே எழுதுகிற வழக்கம் பல ஆபீஸ்களில் இருந்தது. தாவூத் சார் அதை அனுமதிக்கவே மாட்டார். தப்பான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருக்கும் பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், சின்னக் கையெழுத்து, தேதி. அவருடைய பேரேட்டில் அவர் செய்த தப்புகளும் அப்படியே கோடு போட்டுக் கிடந்தன.

வவுச்சரிலிருந்து ரொக்கப் புத்தகம், குறிப்பேடு. அங்கிருந்து பேரேடு. மாதக் கடைசியில் பேரேட்டு மிச்சங்களையெல்லாம் ஒரே தாளில் இறக்கி இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது. இது எனக்கு இரண்டு வருடத்தில் கைவந்துவிட்டது. வருடக் கடைசிதான் கஷ்டம். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி விற்காமல் கையில் இருக்கும் சரக்கு எவ்வளவு என்று பேரேடு சொல்லாது. அதை எண்ணித்தான் கொண்டுவர வேண்டும். மண் கொட்டகையில் மண், கிடங்கில் முடிந்த சரக்கு, பட்டறையில் காய்கிற, இன்னும் சுடாத பச்சைச் சரக்கு. இதெல்லாம் ஒரு பட்டியலாகி, விலை போட்டு, லாப நஷ்டக் கணக்குக்குள் வரும். அந்தப் பட்டியல் குறைந்தால் லாபம் அந்த அளவுக்குக் குறையும். வேறு எங்கேயும் இடிக்காது. கூட்டல் அழகாக ஒத்துப்போகும்.

எழுபத்தாறு மார்ச்சில் அதுதான் நடந்தது.

எங்கள் சூளையில் சரக்கு அடுக்க இரண்டு நாள், எரிக்க மூன்று நாள், ஆற மூன்று நாள். ஒவ்வொரு வருடமும் மார்ச் இருபத்தைந்துக்குள் சூளையைப் பிரித்துக் காலியாக்கிவிடுவார்கள். அந்த வருடம் நிலக்கரி வேகன் தாமதமாக வந்தது. இருபத்தொன்பதாம் தேதிதான் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசி, நெருப்பு வைத்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி நானும் கிடங்குக்காரரும் நோட்டை வைத்துக்கொண்டு சரக்கு எண்ணினோம். கிடங்கை எண்ணினோம், கொட்டகையை எண்ணினோம், பட்டறைப் பலகைகளை எண்ணினோம். அடைத்துப்போட்டு எரிந்துகொண்டிருந்த சூளையை யாரும் எண்ணவில்லை. பட்டியலின் அடியில் 'சரிபார்த்தேன்' என்று என் கையெழுத்து.

ஏப்ரல் கடைசியில் அந்த வருடக் கணக்கை முடித்தபோது ஏழாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் நஷ்டம் வந்தது. யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆர்டர் குறைந்திருந்தது. நஷ்டம் என்று சொல்லி மே மாதம் பதினோரு பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஜூலையில் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார்.

முன்பெல்லாம் நஷ்டம் வந்தாலும் குறைந்தபட்ச போனஸ் உண்டு. எமர்ஜென்சியில் அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்து ஏதாவது மிஞ்சினால், ஆளுக்கு நூறு ரூபாய்க்குக் குறையாமல் போனஸ். மிஞ்சாவிட்டால் ஒன்றும் இல்லை. தினக்கூலி ஐந்து ரூபாய் வாங்குகிறவர்களுக்கு நூறு ரூபாய் என்றால் தீபாவளி மட்டுமில்லை, அடகு வைத்த பாத்திரமும் திரும்பி வரும்.

செப்டம்பரில் போனஸ் இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வேலை நிறுத்தம் என்ற சொல்லை வாயால் சொல்லவே பயந்த காலம். ஆட்கள் வேலைக்கு வந்தார்கள், யாரும் யாரோடும் பேசாமல் வேலை பார்த்தார்கள். ஆபீஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற அம்மாள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் இரண்டு பேர் முதலாளியிடம் வந்தார்கள். ஒருவர் சூளைக்காரர் வீரமுத்து. இன்னொருவர் சூளையில் சரக்கு அடுக்கும் பச்சையம்மா, நல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். சண்டைக்கு வரவில்லை, கணக்கைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். முதலாளிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லை, காட்டுங்கள் என்று எங்களிடம் அனுப்பினார். அவர் மனதார நஷ்டம் என்று நம்பியிருந்தார்.

தாவூத் சார் அவர்கள் இருவரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஆபீஸ் நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். விளக்கிச் சொல்ல வேண்டியது நான். பச்சையம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் விற்ற காசு, அதற்குக் கீழே விற்காமல் இருக்கிற சரக்கு. மண் வாங்கியது இவ்வளவு, கரி இவ்வளவு, கூலி இவ்வளவு. கரி வாங்கிய வவுச்சர்களைக் கேட்டார் வீரமுத்து. எடுத்துக் காட்டினேன். மார்ச் கடைசியில் வந்த வேகன் கரியும் அதில் இருந்தது. பிறகு சரக்குப் பட்டியலைப் படித்தேன். கிடங்கு, கொட்டகை, பட்டறை.

பச்சையம்மா முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"கணக்கம்மா, மார்ச்சு மாசம் முடியற அன்னிக்கு சூளை எரிஞ்சிக்கிட்டு இருந்திச்சு. அந்தக் கரிக்குக் குடுத்த காசு இதுல இருக்குது. எங்க கூலி இருக்குது. உள்ள வெச்ச சரக்கு எந்தப் பக்கத்துல இருக்குது?"

நான் பட்டியலை மறுபடி பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை, பார்ப்பதுபோலப் பார்த்தேன். தாவூத் சார் பேனா மூடியைத் திருகி மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நாளில் பதில் சொல்கிறோம் என்று அவர்களை அனுப்பிவைத்தார்.

அவர்கள் போனபின் என்னிடம் திரும்பினார்.

"முப்பத்தொண்ணாந்தேதி சூளை எரிஞ்சுதாம்மா?"

"எரிஞ்சுது சார்."

"நீங்க பாத்தீங்களா?"

பொய் சொல்ல ஒரு நொடி மனம் போனது. எண்ணப் போனது நானும் கிடங்குக்காரரும்தான். கிடங்குக்காரர் மேல் போட்டுவிடலாம்.

"ஜன்னல்ல பொகை தெரிஞ்சுது சார். பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றார்.

பீரோவைத் திறந்து வருடக் கடைசி வேலைப் பட்டியலை எடுத்தார். பதினாலு வரி. ஒவ்வொரு மார்ச்சிலும் முந்தின வருடத் தாளைப் பார்த்து நான்தான் படி எடுப்பேன். ஒன்பதாவது வரி, 'சூளைக்குள் சரக்கு: இல்லை'. பல வருடமாக இல்லை. அதனால் அந்த 'இல்லை'யையும் சேர்த்தே படி எடுத்திருந்தேன். அதன் எதிரே சிவப்பு மையில் அவருடைய டிக். அந்தத் தாளை மேசையில் வைத்து அந்த டிக் மேல் விரலை வைத்தார். எட்டு வருடத்தில் அவர் முகத்தை அப்படிப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

ஏப்ரலில் சூளை பிரித்தபோது கிடங்குக்கு வந்த சரக்கைப் புத்தகத்தில் பார்த்து, விற்கிற விலையை விட்டுவிட்டு, அதுவரை ஆன அடக்கச் செலவை மட்டும் கணக்குப் போட்டோம். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. நஷ்டம் போய்ப் பன்னிரண்டாயிரம் லாபம். சட்டப்படி கழிக்க வேண்டியதைக் கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சியது. அந்தக் கொஞ்சம் போதும்.

முதலாளி அறைக்கு இருவரும் போனோம். தாவூத் சார் நின்றுகொண்டே சொன்னார். முதலாளி தாளை இரண்டு தரம் படித்தார்.

அவர் பேசியதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த ஐந்தொகையைத்தான் பாங்கில் கொடுத்திருக்கிறேன், இப்போது வேறு ஒன்றைக் கொண்டுபோனால் என் எந்தக் கணக்கை நம்புவான் என்றார். பொய்க் கணக்கு எழுதும்படி நான் சொன்னேனா என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பாய், அந்தச் சரக்கு வித்த காசு அடுத்த வருசக் கணக்குல தானா வரப்போவுது. எங்கியும் ஓடிப்போயிடல. கையெழுத்து ஆனதை எதுக்குக் கெளறணும்?"

"சரக்கு ஓடிப்போவலைங்க. ஆளுங்கதான் போயிட்டாங்க" என்றார் தாவூத் சார். "மே மாசம் பதினோரு பேரை அனுப்பினோம். அடுத்த வருச போனஸ்ல அவங்க பேரு இருக்காது."

"தப்பு உங்களோடது. அதுக்கு நான் காசு குடுக்கணுமா?"

"தப்பு எங்களோடதுதாங்க. காசு அவங்களோடது."

முதலாளி ஒரு வாரம் டைம் கேட்டார். அதுவரை வெளியே யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. இரண்டு நாள் கழிந்தது, பதில் சொல்லவில்லை. டீக்கடையில் பச்சையம்மா எதிரே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டேன். கணக்கு கேட்டவர்கள் பெயரை முதலாளி போலீசில் கொடுத்துவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையில்லை. ஆனால் அதை நம்பிப் பயந்து வீரமுத்து மறுநாள் வேலைக்கு வரவில்லை. அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்து கேட் அருகே நின்று, ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா, கைநாட்டு வைக்கிறோம், அவரை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று காவலாளியிடம் கெஞ்சியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அன்றைக்கு மதியமே தாவூத் சார் ஆடிட்டருக்குக் கடிதம் எழுதினார். முதலாளி கொடுத்த வாரம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. எழுதி முடித்து என் பக்கம் தள்ளினார்.

"படிச்சுப் பாருங்கம்மா. இதுல உங்க பேரு இல்ல. நான் டிக் போட்டது, நான்தான் பொறுப்பு."

படித்தேன். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அரிசி. தம்பி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். அப்பா இல்லை. இதெல்லாம் அவருக்கும் தெரியும். பேசாமல் திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். ஆனால் கேட்டில் நின்ற அந்தப் பெண் கண்ணை விட்டுப் போகவில்லை. தவிர, அவர் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் அந்தக் கடிதமும் ஒரு வரி விட்டுப்போன கணக்குதான். அடியில் எழுதினேன். சரக்குப் பட்டியலைத் தயாரித்தவள் நான், சூளை எரிவதைப் பார்த்திருந்தும் சேர்க்கத் தவறினேன். கையெழுத்துப் போட்டேன். அவர் மை காயும்வரை காத்திருந்தார். ஒரு படியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு, மூலத்தைத் தபாலில் சேர்க்கத் தானே நடந்து போனார். வேண்டுமென்றால் போஸ்ட் ஆபீஸ் வரை ஆள் அனுப்பி முதலாளி தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

ஆடிட்டர் கடலூரிலிருந்து திங்கட்கிழமை வந்தார். சந்தேகத்தோடுதான் வந்தார். ஆட்கள் மிரட்டி எழுதி வாங்கினார்களா என்று என்னைத் தனியாகக் கேட்டார். இல்லை என்றேன். சூளைப் புத்தகத்தைக் கேட்டார். வீரமுத்து அன்று வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் பென்சிலில் மணிக்கு ஒரு வரியாக எழுதிய நோட்டை, மடியிலிருந்து பணம் எடுப்பதுபோலப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். இருபத்தொன்பதாம் தேதி நெருப்பு வைத்த நேரம் முதல் எல்லாம் இருந்தது. அடுக்கியது நாற்பத்தாறு அடுக்கு என்றும் இருந்தது. கிடங்குப் புத்தகத்தின்படி ஏப்ரலில் வந்த சரக்கு நாற்பத்து நாலு அடுக்குக்குத்தான் சரியாக வந்தது.

ஆடிட்டர் பேனாவை வைத்துவிட்டார். இரண்டு அடுக்கு எங்கே என்றார். தாவூத் சாருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். எல்லாம் அங்கேயே கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

பச்சையம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் கையில் மண்ணோடு வந்து நின்றார். "ரெண்டு அடுக்கு உள்ளயே சாஞ்சிடுச்சுங்க. பிரிக்கும்போது பூராவும் ஒட்டிக்கிட்டு ஒடஞ்சி கெடந்தது. சூளைக்குப் பின்னால கொட்டினோம். இருக்குது, வந்து பாருங்க."

ஆடிட்டர் போனார். நாங்களும் பின்னால் போனோம். முள்செடி முளைத்துப்போன குவியலில், ஒன்றோடு ஒன்று உருகி ஒட்டிய ஃபியூஸ் கட்டைகள் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தார். அடுக்குக்கு எத்தனை மண்பெட்டி, பெட்டிக்கு எத்தனை கட்டை என்று பச்சையம்மாவிடம் கேட்டார். அவர் யோசிக்காமல் சொன்னார். ஆடிட்டர் நின்ற இடத்திலேயே பெருக்கிப் பார்த்தார். பிறகு ஆபீஸுக்கு வந்து, பழைய ஐந்தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், திருத்திய கணக்குக்குப் புதிதாகக் கையெழுத்து இடுவதாகவும் எழுதினார். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பாங்குக்கும் அவரே போய்ச் சொன்னார். கடன் நிற்கவில்லை, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாங்கு ஆள் வந்து சரக்கை எண்ணிவிட்டுப் போனார். சூளையையும் சேர்த்துத்தான்.

தீபாவளிக்கு முன்னால் போனஸ் கொடுத்தோம். வீரமுத்து ரூபாயை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டார். பச்சையம்மா எண்ணிவிட்டு, சரியாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னார்.

அந்த வருடம் எங்கள் இருவருக்கும் சம்பள உயர்வு இல்லை. இரண்டு வருடம் கழித்து தாவூத் சார் உடம்பு முடியாமல் நின்றுவிட்டார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. வருடக் கடைசி வேலைப் பட்டியலை அதற்குப் பிறகு நான் படி எடுத்ததே இல்லை. ஒவ்வொரு வரியையும் வெறும் தாளில் புதிதாக எழுதிக்கொள்வேன்.

வேலையை விட்டு அனுப்பிய பதினோரு பேரில் எட்டுப் பேர் தகவல் தெரிந்து தாங்களே வந்து வாங்கிக்கொண்டார்கள். மற்ற மூவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி ஆள் மண்ணை அச்சில் வார்க்கும் பட்டறையில் இருந்த காசிநாதன். வேப்பூரில் லாரிகள் நிற்கும் ஒரு ஓட்டலில் இலை எடுக்கிறார் என்று சொன்னார்கள். பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிப்போனது.

போனஸ் என்றேன். அவர் ரூபாயைத் தொடவில்லை.

"அந்த வருசம் நஷ்டம்னாங்களே. அதனாலதான வூட்டுக்குப் போவச் சொன்னாங்க?"

"நஷ்டம் இல்லீங்க. நான் தப்பா எழுதிட்டேன்."

யாரிடமும் அதுவரை அப்படி நேராகச் சொன்னதில்லை. ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக விரலை வைத்துக் காட்டினேன். பேனாவை வாங்கி, இலையின் ஈரம் தாளில் படாமல் முழங்கையைத் தூக்கிக்கொண்டு, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். ரூபாயை எண்ணி இடுப்பில் செருகினார்.

"சாப்டீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். ஓரமாக ஒரு பெஞ்சைத் துடைத்து இலை போட்டார். அவரே பரிமாறினார். சாப்பிட்டு முடித்துக் கல்லாவில் இருந்தவரிடம் காசை நீட்டினேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"வாங்காதீங்க. எங்கணக்குல எழுதிக்குங்க."